புகார் எண் 4417

டர்பன் நகர மண்டபத்தின் முன், இருட்டில்,
குப்பைப் பையைச் சட்டையாக மாட்டி நிற்கிறோம்
குடிநீர்ப் பிரிவு ஆட்கள் நால்வர்.
ஜூன் குளிர். யாரோ ஒருவர் தொடையில் தைலம்,
யாரோ ஒருவர் வாயில் ஜபம்.
ஒலிபெருக்கிச் சேவல் கூவி, துப்பாக்கி வெடித்து
ஏழு நிமிடம் கழித்தே
கோட்டைத் தொட்டோம்.
"அந்த ஏழும் கணக்குல உண்டு" என்றார் சாக்ரன் படையாச்சி,
ஓவர்டைம் தாளைத் திருப்பித் தரும் அதே குரலில்.

மாரிட்ஸ்பர்க் வரை மேட்டிலேயே ஓட்டம்.
தண்ணீரை மேட்டில் ஏற்ற எங்களுக்குத் தெரியும்:
பம்பு, வால்வு, நடுவில் ஒரு தொட்டி.
எங்களை ஏற்றத்தான் எதுவுமில்லை,
உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு தவிர.

கௌவீஸ் குன்று வரை ஃபிகிலே பேசிக்கொண்டே வந்தாள்.
"இங்க கீழ முந்நூறு மில்லிமீட்டர், கல்நார், என் வயசு.
இது புதுசு, பிளாஸ்டிக். நம்பாதே."
பக்கத்தில் ஓடிய வங்கிக்காரர்
காதில் பாட்டை மாட்டிக்கொண்டார்.

நான் எந்தக் குழாயையும் கண்டதில்லை.
பதினோரு வருஷம் தொலைபேசியில்
உடைப்பைக் காதால் மட்டும் அறிந்தவள்.
"ஆறு மாதிரி ஓடுது மேடம்" என்றால் சின்னக் குழாய்.
"கொஞ்சம் கசியுது" என்பவர் வீட்டில்
அநேகமாகச் சுவர் விழுந்திருக்கும்.

ஃபீல்ட்ஸ் குன்றில் டெல்வின் வாந்தியெடுத்தான்.
மீட்டர் பார்க்கிற பையன்,
நாய்களிடம் பயிற்சி பெற்றவன்.
மீட்பு வண்டியின் ஜன்னலில் கையாட்டிப் போனான்
தாலி கட்டி முடித்த மாப்பிள்ளை மாதிரி.

போத்தாஸ் குன்று வளைவில்
சாலையெங்கும் நசுங்கிய தண்ணீர்ப் பொட்டலங்கள்.
எல்லாரும் மிதித்துப் போன ஈரத்தில்
சாக்ரன் மட்டும் நின்றார்.
"இது பொட்டலத் தண்ணி இல்ல."
குனிந்தார், மண்டியிட்டார்,
ஆயிரம் கால்கள் சுற்றிப் போக
தார்மேல் காதை வைத்துப் படுத்தார்.
முதலுதவி, முதலுதவி என்று கத்தினார்கள்.
ஒரு சிறுமி ஆரஞ்சுச் சுளை நீட்டினாள்.
அவர் கையை உயர்த்தினார்: சும்மா இருங்கள்.
அன்று முழுக்க
அவர் முகம் அவ்வளவு ஓய்வாய் இருந்தது அங்கேதான்.

"பெரிய குழாய். இன்னிக்குத் தாங்கும்."
ஃபிகிலேயைப் போகச் சொன்னோம். போனாள்.
வியர்த்த கட்டைவிரலால் எங்கள் பிரிவையே அழைத்தேன்.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்."
அது என் குரல்.
போன வருஷம் நான் பதிவு செய்து கொடுத்தது.
ஒன்பது நிமிடம்
என்னை நானே காக்க வைத்தேன்.

அப்புறம் பஸ். சக்கரமில்லாத பஸ்.
கொடி கட்டிய ஒருவர் டிரைவர், பின்னால் நூறு பேர்,
பன்னிரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பதாகச் சத்தியம்.
இருநூறு எண்ணி ஓட்டம், எண்பது எண்ணி நடை.
அவர்கள் ஜூலுவில் எண்ணினார்கள், நான் தமிழில்,
எழுபத்தொன்பதில் எப்போதும் போல இடறி.
பாலி ஷார்ட்ஸ் மேட்டில் சாக்ரன் பஸ்ஸை விட்டு இறங்கினார்.
"நீ போ" என்றார்.
மேலதிகாரி சொன்னால் போகத்தானே வேண்டும்.

மைதானத்துப் புல்லில் நான் விழுந்தபோது
பதினொன்று ஐம்பத்தெட்டு.
சட்டைப் பொத்தானுக்கு அண்ணன் போல ஒரு பதக்கம்.
கோட்டில் நின்ற அதிகாரி
ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டித்
துப்பாக்கியைத் தூக்கினார். அதுதான் வழக்கம்.
முகம் பார்த்தால் விரல் மடங்காது போலும்.
வெடித்தது. குறுக்கே ஆட்கள் கைகோத்தார்கள்.
இருபதடி தள்ளி சாக்ரன்.
வேகத்தைக் குறைக்கவே இல்லை.
அந்தக் கைகளில் வந்து மோதித்தான் நின்றார்.

திங்கட்கிழமை அலுவலக மாடிப்படியில்
பின்புறமாக இறங்கினோம், கைப்பிடியோடு கொஞ்சிக்கொண்டு.
ஏழு பத்துக்கு முதல் அழைப்பு.
போத்தாஸ் குன்று, வளைவு.
"கொஞ்சம் கசியுது மேடம்."
ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, நாலு நாலு ஒன்று ஏழு.
"ஆள் வருவாங்களா?"
ஜன்னலுக்கு வெளியே சாக்ரன்
வலது காலை இரண்டு கையாலும் தூக்கி
வண்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.
"கிளம்பிட்டாங்க" என்றேன்.